மாதுளையைத் தின்பது கிளியா, அணிலா? அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: கிணற்றடி மாதுளை (கரவெட்டி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வளவில் கிணற்றடியோடு ஒரு மாதுளை நிற்கிறது. அப்பா இருந்தபோது வைத்தது. இந்தமுறை எண்ணிப் பார்த்தேன், 31 காய் பிடித்திருந்தது. அம்மாவுக்கு 78 வயது. மரத்துக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றுவது இன்றைக்கும் அவர்தான். மோட்டாரைப் போட்டுக் குழாயைப் பிடிக்கிறேன் என்றால் விடமாட்டார். பழங்களை நாங்கள் விற்பதில்லை. முதல் பழம் வல்லிபுரக் கோயிலுக்குப் போகும், அடுத்தவை அயலுக்கு, மிச்சம் எங்களுக்கு.

கடந்த இரண்டு கிழமைக்குள் ஒன்பது பழங்கள் போய்விட்டன. ஒவ்வொரு நாளும் விடிய எழுந்து போனால் ஒன்று உடைந்து தொங்குகிறது, அல்லது கீழே கிடக்கிறது. அம்மா வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை. கிடக்கும் பழத்தை எடுத்து, மண்ணைத் தட்டி, கிணற்றுக் கட்டில் வரிசையாக வைத்துவிட்டுப் போகிறார். அந்த வரிசையைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி, "அக்கா, இது அணிலின் வேலைதான். வாழைப்பழத்துக்குள் எலிமருந்து வைத்துத் தருகிறேன், இரண்டு நாளில் முடிந்துவிடும்" என்றான். எங்களுக்கு உதவ நினைத்துத்தான் சொன்னான். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அணில்தான் தின்கிறது என்பதற்கு என்ன சாட்சி? மதிலில் அணில் ஓடுவது உண்மை. ஆனால் காலை ஆறரை மணிக்கு மேற்குப் பக்கப் பனங்காணியிலிருந்து எட்டுப் பத்துக் கிளிகள் கீச்சிட்டுக்கொண்டு எங்கள் கூரைக்கு மேலால் போவதும் உண்மை. இரண்டில் எதையும் நான் பழத்தில் வாய் வைத்த நிலையில் கண்டதில்லை. கிளி தின்னும் பழத்துக்கு அணிலைக் கொன்றால் பாவமும் சேரும், பழமும் மிஞ்சாது.

அம்மாவிடம் கேட்டேன். "அது இராமர் தடவின முதுகு. என்ர வளவிலை மருந்து வைக்க விடமாட்டன்" என்று முடித்துவிட்டார்.

என் கேள்வி இதுதான்: சேதப்பட்ட பழத்தைப் பார்த்தே தின்றது கிளியா அணிலா என்று சொல்ல முடியுமா? ஒன்பது பழங்களும் இன்னும் கிணற்றுக் கட்டில் இருக்கின்றன. எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் பார்த்து எழுதுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற விலங்கியல் மாஸ்டர் (சாவகச்சேரி)

பிள்ளை, முடியும். பழங்களை எறியாமல் வைத்திருந்தது மிக நல்லது. உயர்தர வகுப்புக்கு 30 வருடத்துக்கு மேல் விலங்கியல் படிப்பித்தவன் நான். என் வளவிலும் இரண்டு கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்பதால் இந்த வழக்கு எனக்குப் பழக்கம்.

முதலில் வாயைப் பாருங்கள். அணில் கொறிணி. முன்வாயில் மேலே இரண்டு, கீழே இரண்டு வெட்டுப்பற்கள். அவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கத்தில்தான் கடினமான மிளிரி, அதாவது எனாமல். பின்பக்கம் அதைவிட மெதுமையானது. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் முந்தித் தேய்வதால் முன்விளிம்பு உளியைப் போலக் கூராகவே நிற்கும். அதனால் அணில் வாய் வைத்த இடத்தில் சின்னஞ்சிறு கோடுகள் சோடி சோடியாகத் தெரியும், தச்சர் சிற்றுளியால் இழுத்துவிட்டது போல. மாதுளையின் தோலுக்கும் முத்துக்கும் இடையில் இருக்கும் மஞ்சள் சதையில் அந்தக் கோடுகள் நன்றாகப் பதியும்.

கிளிக்குப் பல்லே கிடையாது. அதன் மேல்அலகு மண்டையோட்டோடு இறுகிப் பிடித்ததல்ல, கீல் வைத்த கதவு போல அசையும். கீழ்அலகு குட்டை. இரண்டும் சேரும்போது பாக்குவெட்டியின் வேலைதான். கிளி கொறிக்காது, வெட்டிப் பிய்த்து எறியும். மரத்தடியில் தோல் துண்டு துண்டாகக் கிடந்தால், துண்டின் ஓரத்தில் முக்கோணமாக ஒரு வெட்டுத் தெரிந்தால், அது அலகு. இன்னொன்று: கிளிக்குப் பழச்சாற்றைவிட விதையில்தான் கண். முத்தை நசுக்கி உள்ளே இருக்கும் வெள்ளை விதையை உடைத்துத் தின்னும். பாதியைக் கீழே கொட்டும். ஒரு பழத்தை முடிக்காமலே அடுத்ததுக்குத் தாவும்.

கொப்பின் நுனியில் இருந்த பழமா, அடியில் இருந்த பழமா என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டும் தலைகீழாக இறங்கக் கூடியவை. அணில் பின்னங்கால் பாதத்தைப் பின்புறமாகத் திருப்பி நகத்தால் தொங்கும். கிளியின் காலில் இரண்டு விரல் முன்னும் இரண்டு பின்னும் இருக்கும். அதனால் இறுகப் பற்றி, அலகை மூன்றாவது கால் போல ஊன்றி இறங்கும். பாரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் ஏறக்குறைய 100 முதல் 120 கிராம்தான். கிளி பெரிதாகத் தெரிவது வாலினால். அதன் 40 சென்ரிமீற்றர் நீளத்தில் பாதிக்கு மேல் வால்.

வேறு ஆட்களையும் மறந்துவிடாதீர்கள். கிளியும் அணிலும் பகல் சீவியம். இருட்டில் போயிருந்தால் எலியையோ வௌவாலையோதான் தேட வேண்டும். வௌவால் சாற்றை உறிஞ்சிச் சக்கையை உருண்டையாகத் துப்பிவிட்டுப் போகும். பென்சில் மொத்தத்தில் ஒரேயொரு வட்டத் துளை, வாயில் ஈரமான எச்சம், கெட்ட மணம் என்றால் அது மாதுளையைத் துளைக்கும் வண்ணத்துப்பூச்சியின் புழு.

உடுப்புக் காயப்போடும் கொடி மரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறதா என்றும் பாருங்கள். நம் அணிலின் அறிவியல் பெயர் ஃபுனாம்புலஸ் பால்மாரும். கயிற்றில் நடப்பவர் என்பது முதற்சொல்லின் பொருள். 'பனைகளின்' என்பது இரண்டாவது. அது லின்னேயஸ் 1766 இல் வைத்தது. பனையும் கொடிக்கயிறும் உள்ள யாழ்ப்பாண வளவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பதில்: செம்பாட்டுத் தோட்டம் (உரும்பிராய்)

அக்கா, நான் இரண்டு பரப்பில் மிளகாய் செய்கிறேன். மிளகாய்த்தூளைக் கரைத்து அடித்தால் ஒன்றும் வராது என்று யாராவது உங்களுக்குச் சொல்லுவார்கள். அணிலென்றால் சரி. கிளியென்றால் அந்தத் தூளைக் கறிக்குப் போடுங்கள்.

என் தோட்டத்தில் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். செடியில் பழுத்து நிற்கும் மிளகாயைக் கிளி காம்போடு அறுக்கும். ஒரு காலில் பிடித்துக்கொண்டு நீளவாட்டில் கிழிக்கும். விதையை ஒவ்வொன்றாக நாக்கால் உருட்டி எடுத்து நொறுக்கும். தோலை வரம்பில் போட்டுவிடும். நான் வெறுங்கையால் அந்தத் தோலைப் பொறுக்கினால் அன்றைக்கு முழுக்கக் கண்ணைத் தொட முடியாது. அது அலகைக் கொப்பில் இரண்டு தரம் துடைத்துவிட்டு அடுத்த பழத்துக்குப் போகிறது. கண்ணில் ஒரு துளி நீர் இல்லை.

அதே தறையைச் சுற்றி வேலி முழுக்க அணில். கிளுவங்கதியாலில் ஏறி இறங்கும், முருங்கைப் பூவைத் தின்னும், வாழைக்குலையில் வாய் வைக்கும். இந்தப் பத்து வருடத்தில் ஓர் அணில் மிளகாயைத் தொட்டதை நான் காணவில்லை. இது ஏன் என்று மாஸ்டர் சொல்ல வேண்டும். எனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற விலங்கியல் மாஸ்டர் (சாவகச்சேரி)

தம்பி, நீங்கள் வரம்பில் நின்று கண்டதைத்தான் ஆய்வுகூடத்திலும் கண்டார்கள்.

மிளகாயின் எரிவுக்குக் காரணம் கப்சைசின். நம் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் 'வாங்கி' என்ற புரதம் ஒன்று இருக்கிறது. கப்சைசின் போய் அதைத் திறந்துவிடும். நெருப்புப் பட்டதாக மூளை எடுத்துக்கொள்ளும். அந்த வாங்கியை 1997 இல் டேவிட் ஜூலியஸ் என்பவரின் குழு கண்டுபிடித்தது. 2021 இல் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அணில், எலி, நாங்கள் எல்லோரும் பாலூட்டிகள், எல்லோருக்கும் எரியும். பறவைகளுக்கும் அந்த வாங்கி உண்டு, உண்மையான சூட்டை அது உணரும். ஆனால் கப்சைசின் போய்த் தட்டினால் திறக்காது.

இதனால் மிளகாய்க்கு என்ன இலாபம் என்று கேட்பீர்கள். 2001 இல் அமெரிக்காவின் அரிசோனாப் பக்கத்தில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. காட்டு மிளகாயைப் பறவைகள் தின்றன, கொறிணிகள் தொடவில்லை. எரிவில்லாத ஓர் இனத்தைக் கொடுத்தபோது கொறிணிகளும் தின்றன. ஆனால் கொறிணியின் வயிற்றுக்குள் போன விதை ஒன்றும் முளைக்கவில்லை. பறவையின் எச்சத்தில் வந்த விதை முளைத்தது. பல்லுள்ள வாயைத் துரத்தவும் பல்லில்லாத வாயை வரவேற்கவும் செடி கண்ட வழி அது. ஆனால் அங்கே பார்த்த பறவை விதையை முழுதாக விழுங்குவது. உங்கள் தோட்டத்துக்கு வருவதோ விதையையே நொறுக்குகிறது. ஆகவே கிளியால் உங்கள் மிளகாய்க்கு நன்மை என்று நான் சொல்லமாட்டேன்.

கிணற்றடி மாதுளை (கரவெட்டி)

மாஸ்டருக்கும் உரும்பிராய்த் தம்பிக்கும் மிக்க நன்றி. அப்பாவின் பழைய பூதக்கண்ணாடியை எடுத்து ஒன்பது பழத்தையும் நேற்றுப் பின்னேரம் முழுக்கப் பார்த்தேன். அம்மாவும் வந்து பக்கத்தில் இருந்தார்.

ஐந்து பழத்தில் தோல் பிய்ந்து, ஓட்டுத் துண்டுகள் போல உடைந்திருந்தது. மரத்தடியில் கூட்டியள்ளாமல் கிடந்த துண்டுகளையும் பொறுக்கினேன். மாஸ்டர் சொன்ன முக்கோண வெட்டு மூன்று துண்டுகளில் அப்படியே இருக்கிறது. சிதறிய முத்துகள் சாறு வற்றிச் சப்பையாகி, உள்ளே வெள்ளை விதை பாதியாக உடைந்திருந்தது.

இரண்டு பழம் முற்றிலும் வேறு. காம்புக்குக் கீழே ஒரு ரூபாய்க் குற்றி அளவில் ஒரு வாசல். விளிம்பு ஒழுங்காக இருந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது மஞ்சள் சதையில் சோடிக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, துருவலைப் பல்லில் தேங்காய் பட்ட இடம் போல. அம்மா கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு விரலால் அந்தக் கோட்டைத் தடவினார். உள்ளே ஓர் அறை மாத்திரம் துப்புரவாகக் காலியாகியிருந்தது. மற்ற அறைகளின் முத்துகள் தோலோடு அப்படியே இருந்தன. தின்ன எடுத்ததை முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

மிச்சம் இரண்டிலும் மாஸ்டர் சொன்ன பென்சில் துளை. வெட்டினேன். ஒன்றுக்குள் புழு இருந்தது, மற்றதில் புழு போய்ப் பழம் கறுத்திருந்தது. இந்த இரண்டையும் நான் கிளியின் கணக்கிலோ அணிலின் கணக்கிலோதான் எழுதியிருப்பேன்.

இன்று விடிய ஐந்தே முக்காலுக்கே குசினி யன்னலுக்குப் பின்னால் கதிரை போட்டு இருந்தேன். ஆறு இருபதுக்கு அணில் வந்தது. மாஸ்டர் கேட்டபடியே, கொடிக்கயிற்றில் ஓடித்தான் வந்தது. பழத்தை மணந்து பார்த்தது, வாலை வெட்டி வெட்டிக் கத்தியது, பழுக்காததை விட்டுவிட்டு இறங்கிப் போனது. ஆறே முக்காலுக்குக் கிளி இரண்டு. ஒன்றுக்குக் கழுத்தில் கறுப்பும் சிவப்புமாக ஆரம், மற்றதுக்கு இல்லை. சத்தமே இல்லை. பறக்கும்போது ஊரையே எழுப்பும் பறவை தின்ன வரும்போது மூச்சு விடுவதுகூடக் கேட்கவில்லை. ஆரமுள்ளது பழத்தைக் கொத்தவில்லை. அலகைத் தோலில் வைத்து அமர்த்தி, ஒரு திருப்புத் திருப்பியது. "டக்" என்று ஒரு சத்தம். தோல் கீழே விழுந்தது. நான் எழுந்து கையைத் தட்டும்போது பழம் பாதியாகிவிட்டது.

ஆகவே ஐந்து கிளி, இரண்டு அணில், இரண்டு புழு. மருந்து வைத்திருந்தால் இரண்டு பழத்துக்காகக் கொன்றிருப்போம். அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் கண்ணாடியால் பார்த்தான். "நான் எலிமருந்து கதையே எடுக்கேல்லை எண்டு நினையுங்கோ அக்கா" என்றான். பழைய மீன்வலை இருக்கிறது, மரத்தை மூடிக் கட்டலாமா என்று இப்போது கேட்கிறான். கட்டலாமா?

பதில்: வட்டில்லாப் பனை (எழுதுமட்டுவாள்)

தங்கச்சி, மீன்வலை வேண்டாம். என் மாமாவின் வளவில் கட்டி, ஒரு கிழமைக்குள் ஒரு மைனாவும் ஒரு சாரைப்பாம்பும் சிக்கிச் செத்தன. மெல்லிய நைலோன் நூல் கண்ணுக்குத் தெரியாது. இறகுக்குள் போனால் இழுக்க இழுக்க இறுகும்.

கிளிகள் ஏன் இத்தனை என்று சிலர் கேட்கிறார்கள். எங்கள் பக்கம் வந்து பாருங்கள். சண்டைக் காலத்தில் செல் பட்டு வட்டுப் போன பனைகள் இன்னும் நிற்கின்றன. பனைக்கு வைரம் வெளியே, சோற்றி உள்ளே. தலை போன பனையில் உள்ளே உக்கும், வெளியே தூண் போல நிற்கும். மரங்கொத்தி முதலில் துளை போடும். பிறகு கிளி வந்து அதை அகட்டிக் குடியிருக்கும். என் காணியில் ஒரே பனையில் மூன்று வாசல். பெட்டை 22 முதல் 24 நாள் வரை அடைகாக்கும். அந்த நாட்களில் ஆண் வந்து வாசலில் தொங்கிக்கொண்டு தீன் கக்கிக் கொடுக்கும். காணி துப்புரவாக்கும்போது அந்தப் பனையைத் தறிக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு மேல் விழும் இடத்தில் இல்லை என்று சொல்லி விட்டுவைத்தேன்.

அணிலுக்குப் பொந்து வேண்டியதில்லை. தென்னந்தும்பு, பஞ்சு, கிழிந்த சீலை எது கிடைத்தாலும் கூரை மூலையில் ஒரு பந்து சுருட்டிவிடும். 34 நாள் சூல், இரண்டு மூன்று குட்டி, கண் திறக்காமல் பிறக்கும். வளர்ப்பது தாய் மட்டும். கிளியைப் போலத் தகப்பன் தீன் கொண்டு வருவதில்லை.

எலிமருந்தைப் பற்றி இன்னொரு சொல். இரத்தம் உறையாமல் செய்யும் மருந்து தின்ற எலியைப் பூனையோ கூகையோ பிடித்தால் அதுவும் போகும். கூகை போனால் அந்த வளவின் எலியைப் பிறகு யார் பிடிப்பது?

கிணற்றடி மாதுளை (கரவெட்டி)

அண்ணை, வலை யோசனையை விட்டுவிட்டோம். நீங்கள் எழுதிய பனைக் கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார்.

இப்போது முடிவு செய்திருப்பது: கிளி பாதியாக்கியதையும் சேர்த்து மரத்தில் மிச்சம் 22 பழம். எட்டக்கூடிய உயரத்தில் 14 இருக்கிறது. அவற்றுக்குக் கம்பிவலையில் கூடு செய்து கொழுவப் போகிறேன். மேலே உள்ள எட்டையும் அப்படியே விடச் சொல்லிவிட்டார் அம்மா. கொடிக்கயிற்றை அவிழ்த்து மற்றப் பக்கம் கட்டியாகிவிட்டது. துளை விழுந்த பழங்களைப் புழுவோடு எரித்துவிட்டேன். கம்பிவலையில் எந்தக் கண் வாங்க வேண்டும்? கடையில் ஓர் அங்குலமும் அரை அங்குலமும் வைத்திருக்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற விலங்கியல் மாஸ்டர் (சாவகச்சேரி)

அரை அங்குலம் வாங்குங்கள், பிள்ளை. ஓர் அங்குலக் கண்ணுக்குள்ளால் அணில் தலையை நுழைத்துப் பார்க்கும். பிளாஸ்ரிக் வலை வாங்காதீர்கள். பல்லும் அறுக்கும், அலகும் அறுக்கும். கூட்டைப் பழத்தோடு ஒட்டக் கட்டக் கூடாது. சுற்றிவர மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் வெளியே தொங்கிக்கொண்டே கிளி அலகை உள்ளே விடும். வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கம் நீட்டி விடாமல் உள்ளே மடியுங்கள். கூட்டின் பாரத்தைப் பழக்காம்பில் கொழுவாமல் கொப்பில் கட்டுங்கள்.

இந்தக் கூடு புழுவைத் தடுக்காது. அந்த வண்ணத்துப்பூச்சி பூவிலும் பிஞ்சிலும் முட்டையிடும். அடுத்த முறை காய் பாக்களவு ஆனவுடனே மெல்லிய துணிப்பையால் மூடி, அதற்கு மேல் கம்பிக்கூட்டைப் போடுங்கள்.

கிணற்றடி மாதுளை (கரவெட்டி)

அரை அங்குலம் வாங்கிவிட்டேன், மாஸ்டர். நான்கு கூடு முடிந்தது. முனைகளை மடிப்பது அம்மா, குறட்டால்.